‘செரியாயிருமுங்க’ என்று சொல்லாத ரங்கநாயகி

செய்தி வந்தபோது நான் எட்டாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட அலுவலக உதவியாளர் வாசலில் வந்து நின்று, “டீச்சருங்க, உங்கூட்டுக்காரரு போன் பண்ணுனாருங்க. கணபதி ரங்கநாயகியம்மா தவறிப்போயிட்டாங்களாமா” என்றார். மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயது. காலையில் காப்பி குடித்துவிட்டு, வைத்தியத்துக்கு முதல் ஆள் வருவதற்குள் நாற்காலியில் சற்றுச் சாய்ந்தவர், அந்த முதல் ஆள் வந்து கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெண் பாதியில் நின்று என்னைப் பார்த்தாள். போடு கண்ணு என்றேன். அவள் போட்டு முடித்த விடை தப்பு. என் உத்தியோகத்தில் முதல்முறையாக ஒரு தப்பான விடைக்குச் சரி என்று சொல்லி உட்கார வைத்தேன்.

பதினாறாம் நாள் கோயமுத்தூர் கணபதியில், அவர் இருந்த பேட்டையிலேயே, ஒரு கல்யாண மண்டபத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். தலைமை வகித்தவர் நகரத்தின் பெரிய எலும்பு டாக்டர். பெயர் வேண்டாம். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், அறியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். ரங்கநாயகி அம்மையாரின் சேவையை முதன்முதலில் அடையாளம் கண்டுகொண்டவன் நான்தான் என்று ஆரம்பித்து, தன் நோயாளிகளை முழு நம்பிக்கையோடு அவரிடம் அனுப்பிவைத்த வரலாற்றை இருபது நிமிஷம் சொன்னார். இரங்கல் கூட்டத்தில் கைதட்டக் கூடாது என்பதுகூடத் தெரியாமல் நாலு பேர் கைதட்டினார்கள். காப்பி குடிக்கும் இடத்தில் என்னைக் கண்டுபிடித்து, இப்பப் பூரணமாக் குணமாயிருச்சுங்களாம்மா என்று விசாரித்தார். இல்லீங்க என்றேன். அவர் சட்டென்று கேசரித் தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கே நினைவு மலர் ஒன்று போடுவதென்று முடிவாயிற்று. மலர்க்குழுவிலிருந்து ஒருவர் வந்து, நல்லதாக நாலு விஷயம் எழுதிக்கொடுங்கள், படிப்பவர்கள் கண்ணில் தண்ணீர் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வரவைப்பது ரங்கநாயகி அக்காவுக்குச் சுத்தமாகப் பிடிக்காது. எனக்கும் வராது. அக்காவை அறிந்த உங்களுக்காக, நடந்ததை மட்டும் எழுதுகிறேன். போடுவதும் போடாமல் விடுவதும் குழுவின் இஷ்டம்.

அக்கா தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு நூல் மில் இருந்தது. மகள் சென்னைக்குப் போய் பிசியோதெரபி படிக்கிறேன் என்றபோது, ஊரான் காலை அமுக்குவதற்கு ஒரு படிப்பா என்று வீட்டில் கேட்டார்களாம். படித்து முடித்து, அங்கே ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த கார் ஷெட்டைக் காலி செய்து தொழில் ஆரம்பித்தார். இரண்டு கட்டில், சுவரில் கயிறும் கப்பியும், வெந்நீருக்கு ஒரு அண்டா, அடுக்கடுக்காகத் துண்டுகள். அவ்வளவுதான் உபகரணம். பக்கத்துத் தெரு லேத் பட்டறைகளின் சத்தம் நாள் முழுக்க உள்ளே கேட்கும். வருகிறவர்கள் டாக்டரம்மா என்று கூப்பிட்டால், “நான் டாக்டரில்லீங்க. டாக்டருங்க கைவிட்டதை எடுத்து வெக்கறவ” என்பார். யாரைத் திட்டினாலும் ஒரு ‘ங்க’ குறையாது. அத்தனை மரியாதையாக அவமானப்படுத்தத் தெரிந்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

ஏழு வருஷத்துக்கு முன் எனக்கு வலி வந்தது. முதலில் பிடரி, அப்புறம் தோள்கள், அப்புறம் இடுப்பு, முழங்கை, முழங்கால். காலையில் எழுந்தால் உடம்பு ஈரச்சாக்கு மாதிரி கனக்கும். எட்டு மணி நேரம் படுத்தாலும் தூங்கியதாக இருக்காது. ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாவற்றிலும் ஒன்றுமில்லை என்றார்கள். மேற்படி எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னை விட்டுவிட்டு என் கணவரைப் பார்த்து, “எலும்பு தங்கமாட்டம் இருக்குதுங்க. ஊட்டுல ஏதாச்சும் மனத்தாங்கலுங்களா?” என்று கேட்டார். மனத்தாங்கல் இல்லை என்று என் கணவர் சொன்னதை அவர் நம்பவில்லை. எல்லாம் மனதில்தான் இருக்கிறது என்று சொல்லி, தூக்க மாத்திரை எழுதி, போகும்போது, கணபதியில் ஒரு அம்மா இருக்கிறது, அங்கே வேண்டுமானால் அனுப்புங்கள், பொழுதாவது போகும் என்றார். சேவையை முதன்முதலில் அடையாளம் கண்டுகொண்ட வரலாறு இதுதான்.

முதல் நாள் அக்கா என்னைத் தொடவேயில்லை. ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்குப் படுக்கிறேன், எத்தனை முறை விழிக்கிறேன், தலையணை என்ன உயரம், நோட்டுத் திருத்துவது நாற்காலியிலா தரையிலா, தண்ணீர்க் குடத்தை எந்த இடுப்பில் வைக்கிறேன், கோபம் வந்தால் பல்லைக் கடிப்பேனா, கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தேன். கழுத்து வலிக்கு வந்தவளிடம் இதெல்லாம் எதற்கு என்று எனக்கு எரிச்சல். கேட்டும்விட்டேன். “கழுத்த மட்டும் தனியாக் கழட்டிக் கொண்டாந்துருந்தீங்கன்னா, கழுத்த மட்டும் பாத்துருப்பேனுங்க” என்றார். மறுநாள் உடம்பில் அங்கங்கே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, இதற்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் என்றார். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றின் ஜெராக்ஸ் பிரதியை எடுத்துக் காட்டினார். தசையெல்லாம் வலிக்கும், தூக்கம் கெடும், எந்தப் பரிசோதனையிலும் அகப்படாது. பெயர் தெரிந்ததால் வலி குறையாது, ஆனால் பைத்தியம் இல்லை என்று தெரியும் என்றும் சொன்னார். நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. ஒத்தடம் கொடுக்கும் துண்டுகளில் ஒன்றை எடுத்து நீட்டிவிட்டு வெந்நீர் பார்க்கப் போனார்.

வைத்தியம் ஒன்றும் மாயமில்லை. சூடான துண்டு ஒத்தடம். மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே கையையும் காலையும் நீட்டி மடக்குவது. ஒரே நேரத்துக்குப் படுத்து ஒரே நேரத்துக்கு எழுவது. நடை. நடை என்றால் முதல் வாரம் எங்கள் தெருமுனை வரைக்கும்தான், போய்த் திரும்ப வேண்டும். உடம்பு லேசாக இருக்கிறதென்று ஒரு நாள் அடுத்த தெரு வரைக்கும் நடந்துவிட்டுப் பெருமையாகச் சொன்னேன். அதற்குக் கிடைத்த மரியாதையை இங்கே எழுத முடியாது. நம் பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உடம்பு கொஞ்சம் தேவலை என்றால் போதும், பாக்கி கிடந்த ஜமக்காளம், போர்வை எல்லாவற்றையும் அன்றைக்கே துவைத்துவிட்டு நாலு நாள் படுத்துக்கொள்வோம். “நல்ல நாளுலதாங்க நீங்க கெட்டுப்போறீங்க” என்பார் அக்கா. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது. ஒரு கணக்கு டீச்சருக்கு அது வெட்கக்கேடு.

அவரும் ஒரு தப்பு செய்தார். இந்த ஊரில் மட்டும்தான் அந்தத் தப்பு நடக்கும். ஒவ்வொரு முறை போகும்போதும் எப்படி இருக்கிறது என்று கேட்பார். நான் தேவலைங்க என்பேன். உண்மையில் தேவலை இல்லை. ஆனால் ஒரு மனுஷி வெந்நீரில் கையை விட்டுத் துண்டு பிழிந்து நமக்காகப் பாடுபடும்போது, ஒன்றும் பிரயோஜனமில்லை என்று முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? கல்யாணத்தில் உப்பில்லாத ரசத்தையும் பிரமாதம் என்று குடித்துவிட்டு வருகிற ஜனங்கள் நாம். மூன்று வாரம் தேவலைங்க. அதை நம்பி அவர் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனார். நாலாவது வாரம் ஒரு காலையில் சீப்பைத் தலை வரைக்கும் கொண்டுபோக என்னால் முடியவில்லை. என் கணவர் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனார்.

அன்றைக்கு அவர் கோபத்தைப் பார்க்க வேண்டும். ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, மரியாதைக்குப் பொய் சொல்கிற ஊர் இது, இங்கே நோயாளி டாக்டருக்கு ஆறுதல் சொல்கிறான், டாக்டர் நோயாளிக்கு ஆறுதல் சொல்கிறான், இரண்டு பேருமாகச் சேர்ந்து நோயை நன்றாக வளர்க்கிறார்கள் என்றார். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா பயந்துபோய், எனக்கும் தேவலை இல்லீங்க என்று அங்கேயே ஒப்புக்கொண்டார். கோபம் அடங்கியதும் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “தப்பு என்ற மேலதானுங்க டீச்சர். உங்க வாயக் கேட்டுக் கணக்குப் போட்டுட்டேன். இனிக் கையப் பாத்துப் போடறேன்” என்றார். அதுவரை எனக்கு வைத்தியம் பார்த்த ஏழு டாக்டர்களில் ஒருவர்கூடத் தப்பு என் மேல் என்று சொன்னதில்லை. தப்பே செய்யாதவர்களாக இருக்கும், பாவம்.

என் கணவர் ஒரு பம்பு மோட்டார் கம்பெனியில் சூபர்வைசர். நல்ல மனுஷர், அதிகம் பேச மாட்டார். படித்த டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர். வீட்டில் இருப்பவர் ஒரு நாளாவது வந்து உட்கார வேண்டும் என்பது அக்காவின் சட்டம் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவர் கட்டைவிரலை என் தோளில் வைக்கச் சொல்லி, “தக்காளி பழுத்துருக்குதான்னு பாக்கற மாதிரி அமுத்துங்க, போதும்” என்றார் அக்கா. அவர் அழுத்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கையை உதறி எடுத்துக்கொண்டு, சுட்டுக்கொண்டவர் மாதிரி விரலையே பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, இத்தனை நாள் சும்மா சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன் என்றார். எனக்கு அப்போது அவர் மேல் வந்த ஆத்திரம் அடங்க வெகு நாளாயிற்று. அன்றிலிருந்து குடத்தை அவர்தான் தூக்குகிறார்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். தோளுக்கு மேல் கை போகாத கணக்கு டீச்சர் கரும்பலகையில் பாதிக்குக் கீழேதான் எழுதுவாள். பின்வரிசைப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்ப்பார்கள். லீவும் நிறைய எடுத்திருந்தேன். ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். சும்மா இருக்கும்போது நன்றாகத்தானே இருக்கிறார் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். அந்த வருஷம் ஏப்ரலில் தாளாளர் கூப்பிட்டு, பூரண குணம் என்று யாரிடமாவது எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் ஜூனில் இடமில்லை என்றார். தண்ணீர் கொடுத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுத்தான் சொன்னார். எலும்பு டாக்டரிடம் போனால் மனநோய் என்று எழுதுவார், அதோடு கதை முடிந்துவிடும். எனக்கு அந்த வேலை சம்பளத்துக்கு மட்டுமல்ல. வலி வந்த பிறகு என்னால் சரியாகச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அதுவும் போனால் நான் கட்டிலில் கிடக்கும் ஒரு மூட்டை. அக்காவிடம் போய், நீங்கள் வந்து சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு மறுநாளே வந்தார்.

தாளாளர் எழுந்து நின்று வரவேற்றார். மில் குடும்பமல்லவா. நலம் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, டீச்சருக்குச் செரியாயிருமுங்களா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது, பைலில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். “ஆகாதுங்க” என்றார் அக்கா. “இந்த வலி போகாது. கூடும், குறையும். அதோடயே டீச்சர் பாடம் நடத்துவாங்க. உக்கார ஒரு ஸ்டூலு, காலையில கொஞ்சம் சாவகாசம், போர்டுல எழுதறதுக்குப் புள்ளைங்க. உங்களுக்கு வேண்டியது பாடமுங்களா, கையத் தூக்கறதுங்களா?” தாளாளர் சிரித்துக்கொண்டே, பாக்கலாமுங்க என்றார். நம் ஊரில் பாக்கலாமுங்க என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜூனில் என் பெயர் கால அட்டவணையில் இல்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நான் அவரைக் கேட்டேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? “அந்தப் பொய்ய நான் சொல்லீட்டன்னா, உங்க வலி நெசம்னு நான் சொன்னதுக்கு என்னங்க மருவாதி இருக்கும்?” என்றார். எனக்கு ஒரு எழுத்தும் ஏறவில்லை. நீங்கள் முதலாளி வீட்டுப் பெண், வேலை போனால் என்னவென்று உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். இன்னும் சிலதும் சொன்னேன். உங்கள் துண்டும் வெந்நீரும் என் வேலைக்கு உலை வைத்துவிட்டன என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. மொபெட்டை உதைத்தார். இரண்டு உதையில் கிளம்பவில்லை, மூன்றாவதில் கிளம்பிற்று. வாரேன் என்றுகூட நான் சொல்லவில்லை. அதன் பிறகு எட்டு மாதம் அவர் இருக்கும் தெருப் பக்கமே நான் போகவில்லை.

எங்கே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காங்கேயம் போனேன். ஒரு தேங்காயெண்ணெய் செக்குக்குப் பின்னால் ஒரு மகான் நரம்பு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றி நிறைய விபூதி, மேசை மேல் சான்றிதழ்கள், சுவரில் கேலண்டர் சாமிகள் எல்லாரும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வேரோடு புடுங்கிப் போடறேனுங்க அம்மணி என்றார். அந்த வாக்கியத்துக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போனேன். இரண்டு தடிப் பெண்கள் கற்பூர எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி முழங்கையால் என்னைப் பிசைந்தார்கள். தக்காளி அழுத்தத்துக்கே தாங்காத உடம்பு. மகான் தினமும் திரைக்கு வெளியே நின்று எப்படிங்க இருக்குது என்பார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தேவலைங்க. அதை அவர் நோட்டில் எழுதி என் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். கோயமுத்தூர் ஆசிரியை ஒருவர் குணமடைந்தார் என்று அவர் நோட்டீஸில் இன்றைக்கும் இருந்தால், அந்தப் புத்திசாலி நான்தான்.

நாற்பத்தெட்டாம் நாள் திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து என்னால் இறங்க முடியவில்லை. கண்டக்டரும் பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மாவும் சேர்ந்து என்னை இறக்கி, நிலையத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் படுக்கை. குளிக்க, தலை துவட்ட, எல்லாவற்றுக்கும் ஆள். சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டு, செரியாயிரும் கண்ணு, கவலப்படாத என்று சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டியதும் சோம்பேறித்தனம் என்று பேசிக்கொண்டு போனார்கள். நான் படுத்திருந்த அறையின் ஜன்னல் வாசல் பக்கம் என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் படுக்கையில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. செரியாயிரும் என்று சொன்ன ஒருவர்கூட என் வலியை நம்பவில்லை. நம்பிய ஒரே ஆள், செரியாகாது என்று சொன்னவர்தான். அந்த ஆளின் முகத்துக்கு நேரேதான் நான் வாய்க்கு வந்ததைப் பேசியிருந்தேன்.

ஒரு நாள் ஷெட்டுக்குத் திரும்பக் கிளம்பினேன். அவர் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். நான்கு பேர் முன்னால் காங்கேயத்து மகானையும் என்னையும் சேர்த்து வைத்துக் கிழித்துத் தோரணம் கட்டப் போகிறார், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தயாராகப் போனேன். ஒரு பெரியவரின் முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “வாங்க டீச்சர். செருப்பக் கழட்டிப்போட்டு உள்ள வாங்க. தூங்கி எத்தன நாளாச்சுங்க?” அவ்வளவுதான். ஒரு குத்தல் இல்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. உலகத்தில் எல்லாரையும் ஏளனம் செய்த மனுஷி, செய்ய முழு உரிமை இருந்த இடத்தில் செய்யவில்லை. எனக்கு அவர் மேல் அன்று வந்த பிரியத்தை நான் ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் துண்டை எடுத்து நீட்டியிருப்பார்.

மறுபடி தெருமுனையிலிருந்து ஆரம்பம். இந்த முறை வாய் பொய் சொல்லவில்லை. முடியலைங்க என்று சொல்ல வேண்டிய இடத்தில் முடியலைங்க என்றேன். முதல் பத்துத் தடவை நாக்கு கூசிற்று. எங்கள் வீட்டுக்கு வந்து சமையல் மேடையைப் பார்த்து, அது யாரோ ஆறடி ஆளுக்குக் கட்டியது என்று சொல்லி, நிற்பதற்கு ஒரு பலகை போடவைத்தார். தலையணையை மாற்றினார். இரவு ஒன்பதுக்கு மேல் டி.வி. கூடாது என்று என் கணவரிடம் கறாராகச் சொன்னார். வலி போகவில்லை. ஆனால் அடுத்த கோடை விடுமுறை முடிவதற்குள் பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்து, பஸ் ஏறி, இறங்கி, நின்று பேச முடிந்தது.

ஜூன் முதல் வாரம் தாளாளரைப் பார்க்கத் தனியாகப் போனேன். அக்காவைக் கூப்பிடவில்லை. தண்ணீர் வந்தது, மின்விசிறி திரும்பிற்று. “இப்பப் பூரணமாச் செரியாயிருச்சுங்களா டீச்சர்?” என்றார். “இல்லீங்க. ஆகாதுங்க” என்றேன். அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலை அவர் இரண்டாம் முறையாகக் கேட்கிறார், இந்த முறை வலிக்கிறவள் வாயாலேயே. காலையில் நோட்டுத் திருத்துகிறேன், மதியத்துக்கு மேல் மூன்று வகுப்பு எடுக்கிறேன், போர்டில் பிள்ளைகள் எழுதுவார்கள், உட்கார ஸ்டூல் வேண்டும் என்றேன். பாக்கலாமுங்க என்றார். “இப்பவே பாருங்க, நான் உக்காந்துருக்கறேன்” என்று சொல்லி உட்கார்ந்தேன். மரியாதை தெரிந்த மனுஷர், வந்தவளை எழுந்து போ என்று சொல்ல வாய் வரவில்லை. அரை மணி நேரம் பைல்களைத் திருப்பினார். கடைசியில் சரி என்றார். அவர் மனம் மாறிவிட்டது என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். மாறவில்லை. போன வருஷம் எட்டாம் வகுப்புக்குப் போட்ட இரண்டு கணக்கு ஆசிரியர்களும் பாதியில் ஓடிவிட்டார்கள், வேறு ஆள் அகப்படவில்லை. எனக்கு அது போதும்.

அன்று சாயங்காலம் ஷெட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்படிங்களா என்றார், துண்டு பிழிவதை நிறுத்தாமல். பாராட்டெல்லாம் கிடையாது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “இன்னைக்கு எங்கெங்கீங்க டீச்சர்?” என்று கேட்டார்.

இதைத்தான் நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்கிறேன். செரியாயிருச்சா என்று கேட்பவர்கள் நம்மிடம் ஆமாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போக வந்தவர்கள். எங்கெங்கே வலி என்று கேட்பவர் உட்கார்ந்து கேட்க வந்தவர். கடைசி வரைக்கும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் கேட்டார், நான் சொல்வதைக் கடைசி விரல் வரைக்கும் கேட்டார். இத்தனை பெரிய கோயமுத்தூரில் இனி என்னிடம் அதைக் கேட்க ஆளில்லை. கூட்டத்தில் பேசிய ஒன்பது பேரில் ஒருவருக்கும் அது தெரியாது. அதனால் காலையில் எழுந்ததும் நானே கேட்டுக்கொள்கிறேன், பொய் சொல்லாமல் பதிலும் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று பிடரி, இரண்டு தோள், இடது இடுப்பு. வகுப்பு இரண்டு மணிக்கு.